எதை வைத்து நீக்குவது என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

நீ நடத்தும் குழுவில் ஒருவர் ஒரு சமூகத்தை இழிவாக எழுதிய மெசேஜைப் பற்றி நேற்று ஃபோனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "அந்த ஆள் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதலையே அம்மா, எதை வச்சு நான் நீக்குறது?" என்றாய். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

கெட்ட வார்த்தையை வைத்து இதை அளக்காதே. சொன்ன வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று ஒருவன் இன்னொருவனை வாய்க்கு வந்தபடி திட்டினால் அது வசவு. கண்டித்து விட்டுவிடலாம். "அவங்க ஆளுங்களை நம்பாதீங்க, ரத்தமே அப்படி" என்று ஒருவர் வணக்கம் போட்டு மரியாதையாக எழுதினாலும் அது வெறுப்புப் பேச்சுதான். திட்டு வாங்கியவன் அடுத்த முறை ஒழுங்காகச் செய்யலாம். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவன் என்ன செய்வான்?

வெறுப்புப் பேச்சைத் தடுக்க ஐ.நா. 2019-ல் வெளியிட்ட செயல்திட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மதம், இனம், நாடு, நிறம், வம்சாவளி, பாலினம் என்று ஒருவர் யார் என்பதைக் காரணமாக வைத்துத் தாக்கினாலோ இழிவுபடுத்தினாலோ அது வெறுப்புப் பேச்சு. அரசையும் கொடியையும் மதத் தலைவரையும் மதக் கொள்கையையும் விமர்சிப்பது இதில் சேராது. உன் குழுவில் யாராவது ஒரு கொள்கையைக் காரசாரமாகக் கேள்வி கேட்டதும் "வெறுப்பு, வெறுப்பு" என்று உன்னிடம் ஓடி வருவார்கள். அதற்காக யார் வாயையும் அடைத்துவிடாதே. கொள்கையைக் கேட்பது வேறு, அதை நம்புகிறவர்களை மனிதர்களே இல்லை என்பது வேறு.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை கிடையாது. எந்தப் பேச்சு குற்றம் என்னும் அளவுக்குப் போகிறது என்று பார்க்க ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் 2012-ல் உருவாக்கிய ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகளை வைத்தது: எந்தச் சூழலில், யார், என்ன நோக்கத்தில், என்ன சொன்னார், எவ்வளவு தூரம் பரவியது, அதனால் கேடு நடக்க எவ்வளவு வாய்ப்பு. அது நீதிமன்றத்துக்கான அளவுகோல், உனக்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் கேட்டுப் பார். விவரம் தெரியாத பையன் எங்கிருந்தோ வந்ததை ஃபார்வர்டு செய்வதும், ஆயிரம் பேர் மதிக்கிற பெரியவர் பதற்றமான ஒரு நாளில் அதையே எழுதுவதும் ஒன்றாகுமா? பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. பெரியவரை நீக்கத் தயங்காதே.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. சில வருஷம் முன்னால் எங்கள் பழைய தோழிகள் குழுவில் ஒருத்தி, ஒரு சமூகத்தைச் சொல்லி, "கரப்பான் மாதிரி பெருகுறாங்க" என்று போட்டாள். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. நானும் ஒன்று போட்டேன் தம்பி. யோசிக்கவே இல்லை, எல்லோரும் போட்டார்கள், போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தோழியின் பெயரும் 'வெளியேறினார்' என்ற ஒற்றை வரியும் சாம்பல் நிறத்தில் வந்தது. நான்கு நாள் கழித்துத்தான் அவளுக்கு ஃபோன் செய்யும் தைரியம் வந்தது. "அவ எழுதினதை நான் ரெண்டாவது தடவை படிக்கலை. யார் யார் சிரிச்சீங்கன்னுதான் விரலை வச்சுத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்" என்றாள்.

1994-ல் ஆப்பிரிக்காவில் இருக்கும் ருவாண்டாவில் ஒரு வானொலி, அங்கே சிறுபான்மையினரான துட்சி இன மக்களை அதே 'கரப்பான்' என்ற சொல்லால்தான் நாள் தவறாமல் அழைத்தது. சுமார் 100 நாள்களில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வானொலியை நிறுவியவர்களில் இருவரைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-ல் தண்டித்தது. நான் இதையெல்லாம் தேடிப் படித்தது அந்த எமோஜிக்குப் பிறகுதான்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு ரிப்போர்ட் செய், பிறகு எல்லோருக்கும் அழிந்துபோகும்படி நீக்கு. அந்த ஸ்கிரீன்ஷாட்டை "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று நாலு இடத்தில் போடாதே. அவர் பேச்சை நீயே சுமந்து போய்ச் சேர்த்ததாகிவிடும். குழுவில் அந்த ஆளோடு நூறு வரி வாதமும் வேண்டாம். "இங்கே யாரையும் பிறப்பை வைத்துப் பேசக் கூடாது, அதனால் நீக்கினேன்" என்று இரண்டு வரி, உன் பெயரில், எல்லோரும் பார்க்கும்படி எழுது. சத்தமில்லாமல் நீக்கினால் காயப்பட்டவருக்கு எதுவும் தெரியாது.

நேற்று அரை மணி நேரம் பேசினோம். எழுதிய ஆளைப் பற்றியே பேசினாய். உன் குழுவில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த நண்பன் ஒருவன் இருக்கிறான் என்று போன மாதம் சொன்னாயே, அவனிடம் பேசினாயா? நான்கு நாள் எடுத்துக்கொள்ளாதே. இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா