ஸ்வரத்துக்கு மேல ஒரு புள்ளி வைக்க முடியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துல 22 வருஷமா பாட்டு சொல்லிக்குடுக்கறேன். போன வருஷம் என் பொண்ணு டேப்லெட்டும் அதுக்கு பேனாவும் வாங்கிக்குடுத்தா, இனிமே நொட்டேஷன் (பாட்டோட ஸ்வரக் குறிப்பு) எல்லாம் இதுலயே எழுதும்மான்னு. ஆசையாதான் ஆரம்பிச்சேன்.

வெஸ்டர்ன் மியூசிக்காரங்களுக்கு என்னமா பண்ணி வெச்சிருக்காங்க! ஸ்டாஃப்பேட்னு ஒரு ஆப் 2015லயே வந்துடுச்சு, அஞ்சு கோட்டுல பேனாவால கிறுக்கினா அதுவே அச்சு மாதிரி மாத்தி வாசிச்சும் காட்டுது. டோரிக்கோ, சிபேலியஸ்னு இசைக்குறிப்பு எழுதற சாஃப்ட்வேர் ரெண்டும் 2021ல ஐபேடுக்கு வந்தாச்சு. சர்ச் குவயருக்கும் கீபோர்டு பரீட்சை எழுதற பசங்களுக்கும் இது பெரிய உதவி, அதுல சந்தேகமே இல்ல.

நம்ம ஸ ரி க ம எழுதப் போனாதான் கஷ்டம். மேல் ஸ்தாயி, அதாவது உச்சத்துல பாடற ஸ்வரத்துக்கு தலைல ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயி ஸ்வரத்துக்கு அடியில ஒரு புள்ளி வெச்சு எழுதறது எங்க வழக்கம். தமிழ்ல தலைல புள்ளி வெச்சா மெய்யெழுத்துதானே, மேல் ஸ்தாயி ஸ அடிச்சா அது ஸ்-னு விழுது, சரி போகட்டும் படிக்கறவங்களுக்கு புரியும்னு விட்டா அடுத்து ரி-க்கு மேல புள்ளி வைக்கும்போது எழுத்தே உடைஞ்சு பக்கத்துல ஒரு புள்ளி வட்டம் வந்து நிக்குது. கீழ் ஸ்தாயி புள்ளிக்கு கீபோர்டுல பட்டனே கிடையாது. ரெண்டாம் காலத்துக்கு, அதாவது ரெட்டை வேகத்துல பாடறதுக்கு, ஸ்வரத்து மேல இழுக்கற கோடும் அப்படித்தான். ஸ்வரத்துக்கு நேர் கீழ சாஹித்யம், அதான் பாட்டு வரி, வரணும்னு ஸ்பேஸ் தட்டித் தட்டி அடுக்கி வாட்ஸ்அப்ல அனுப்பினா அந்தப் பக்கம் எல்லாம் கலைஞ்சு போய் நிக்குது.

அதனால பழையபடி நோட்டுல எழுதி போட்டோ எடுத்துதான் அனுப்பிட்டிருந்தேன். ஒரு நாள் மோகன ராகத்துல க ரி ஸ த-ன்னு எழுதி அனுப்பினேன், அந்த த கீழ் ஸ்தாயி, போட்டோல புள்ளி தெரியல போல, அந்தப் பொண்ணு ஸ-லேர்ந்து மேல த-வுக்கு தாவித் தாவி ஒரு வாரம் சாதகம் பண்ணிட்டு வந்து பாடறா. எனக்கு மனசே கேக்கல. அந்தக் குழந்தை மேல என்ன தப்பு?

இப்போ நோட்ஸ் ஆப்ல ஆதி தாளத்துக்கு 4, 2, 2ன்னு எட்டு கட்டம் நானே வரைஞ்சு வெச்சு அதுல பேனாவால எழுதி பிடிஎஃப்பா அனுப்பறேன். அழிச்சு எழுதலாம், வட்டம் போட்டு நகர்த்தலாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு எல்லாமே வெறும் படம்தான், ஆவர்த்தனத்துல (தாளத்தோட ஒரு சுத்துல) ஒரு அக்ஷரம், அதான் ஒரு எண்ணிக்கை, குறைஞ்சா சொல்லாது, வாசிச்சும் காட்டாது.

1904லயே எட்டயபுரத்துல சுப்பராம தீக்ஷிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கற புஸ்தகத்தை தெலுங்குல அச்சடிச்சப்போ ஸ்வரத்தை அசைச்சு இழைச்சுப் பாடற ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி குறி போட்டு கொண்டு வந்திருக்காங்க. அந்த காலத்து அச்சுக்கூடத்துல முடிஞ்சிருக்கே சார். சாஃப்ட்வேர் படிச்ச பசங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, மியூசிக் காலேஜ்காரங்க அவங்களோட ஒரு மாசம் உக்காந்தா போதும். கமகம்கூட வேண்டாம், அதை நாங்க வாயால சொல்லிக்குடுத்துக்கறோம், முதல்ல அந்த மேல் புள்ளி, கீழ் புள்ளி, காலத்துக்கு கோடு, இது மூணும் தமிழ்ல ஒழுங்கா விழற மாதிரி ஒரு ஆப் பண்ணிக்குடுங்கன்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர், கும்பகோணம்