கைக்குழந்தையும் பத்தாம் வகுப்பும்: மகளிர் குழுத் தலைவி ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் ஊரின் பெயரையோ உங்கள் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான, 18 வயது நிரம்பாத பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் சொல்கிறது; அதைவிட முக்கியமாக, பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே, திருமணமாகாமல், பதினாறு வயதில் தாயாகிவிட்ட அந்தப் பிள்ளை நாளை அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். விளவங்கோடு வட்டத்தில் பல வருடங்களாகக் குழு நடத்திவரும் உங்களுக்கு, நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது தெரியும்.

பதினெட்டு முடிந்ததும் குழந்தைக்குத் தகப்பனான அந்தப் பையனுக்கே அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்றும், அதுவரை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலைக்கு விடலாம் என்றும் குழுவில் பேச்சு எழுந்ததாகச் சொன்னீர்கள். அக்கறையோடு சொல்லப்பட்டவைதான், ஆனாலும் இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. கல்யாணம் ஊர் வாயை அடைக்கலாம், அவளுக்கும் குழந்தைக்கும் சோறு போடும் என்பதற்கு உறுதியில்லை. அண்டி உடைக்கும் பெண்களின் விரல்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்; தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து உரிந்துவிடும். அந்த வேலையை நான் தாழ்த்திப் பேசவில்லை, நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அதனால்தான் நிமிர்ந்தன. ஆனால் பத்தாம் வகுப்பு முடிக்காமல் பதினாறு வயதில் அங்கே உட்காரும் பெண்ணுக்கு, பிறகு வேறு வேலை தேடிப் போகும் வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

அவளுக்கு இப்போது முதலில் வேண்டியது, பகலில் சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் ஆள். அங்கன்வாடியில் பொதுவாக இரண்டு வயது ஆன பிறகுதான் குழந்தையைப் பகல் நேரத்தில் விட முடியும். பிரசவத்துக்கும் அந்த இரண்டு வயதுக்கும் இடையிலான காலத்தில்தான் இப்படிப்பட்ட பெண்களின் படிப்பு ஓசையில்லாமல் நின்றுபோகிறது, பிறகு தொடங்குவதேயில்லை. அவளுடைய அம்மா கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடியாது. உங்கள் குழுவில் வயதான இரண்டு மூன்று பேர் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அல்லது சேமிப்பிலிருந்து ஒருவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால், அவளுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றை நீங்கள் தந்தவர்களாவீர்கள்.

பள்ளிக்குத் திரும்ப அவள் கூசினால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ பத்தாம் வகுப்பு எழுதலாம். பத்து முடித்தால் நாகர்கோவில் அருகே கோணம் என்ற ஊரில் உள்ள அரசு ஐடிஐயில் தொழில் படிக்கலாம். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரிப் பெண்கள் நடத்திய பள்ளியில், அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமிகள் லேஸ் பின்னக் கற்று, அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது பதிவாகியுள்ள வரலாறு. அங்கே எழுத்தும் கைத்தொழிலும் சேர்த்தே கற்றுத்தரப்பட்டன. இவளுக்கும் இரண்டும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் 19 வயது நிரம்பாத தாய்க்குக் கிடைப்பதில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வைத்த நிபந்தனை, உதவி மிக அதிகமாகத் தேவைப்படுகிறவளையே வெளியே நிறுத்துவது எனக்குப் பெரும் வேதனை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய் போக்சோ வழக்குப் பதிவாகிவிட்டதால் வேறு வழி இருக்கிறது. தீர்ப்புக்குக் காத்திராமலே போக்சோ சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் தரும்படி மாவட்டத்தில் உள்ள அரசின் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரைத் தரும். வழக்கு என்றாலே அந்த வீட்டில் எல்லோரும் நடுங்குகிறார்கள். நீங்கள் ஒரு முறை கூடப் போனால் அந்தப் பயத்தில் பாதி குறையும்.

குழந்தையைத் தத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லி உறவினர் சிலர் நெருக்குவதாகவும் கேள்விப்பட்டேன். அது அவள் முடிவாக இருக்கட்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த பிறகும் மறுபரிசீலனைக்கு 60 நாள் உண்டு என்பதை அவளிடம் யாராவது சொல்லியாக வேண்டும். வளர்ப்பதென்று அவள் முடிவெடுத்தால், பிறப்புச் சான்றிதழுக்குத் தகப்பன் பெயர் கட்டாயமில்லை. திருமணமாகாத தாயின் பிரமாணப் பத்திரமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2015ல் சொல்லியிருக்கிறது.

கோயில் கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும்போது அவளையும் கூப்பிடுங்கள். குழுத் தலைவியோடு வருகிற பெண்ணிடம் யாரும் வேண்டாத கேள்வி கேட்கத் தயங்குவார்கள். பதினெட்டு வயது ஆனதும் அவளையும் குழுவில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதல் பொருளாக எடுத்து, யார் எந்த நாள் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். திறந்தநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு எந்த நாள் வசதி என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை