நூறிலிருந்து ஏழு கழித்தால்...

ஆசிரியருக்கு வணக்கம்.

மறதி நோய் பெண்களிடம் அதிகம் என்றால், 'அவர்கள் அதிக நாள் வாழ்கிறார்களே' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டிய ஆண்களில் 5.8 சதவீதம் பேருக்கு இந்த நோய். பெண்களில் 9 சதவீதம். படிக்காதவர்களிடம் இன்னும் கூடுதல். அந்தத் தலைமுறையில் யாரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று நமக்குத் தெரியாதா?

என் அம்மாவைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். போன மாதம் ஞாபகப் பரிசோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பேனாவைப் பிடிக்கவே கூச்சப்பட்டார். திரும்பும் வழியில் பூக்காரம்மா மீதிச் சில்லறையில் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்ததை மட்டும் உடனே பிடித்துவிட்டார். சரி, இதற்கு எத்தனை மதிப்பெண்?

2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்ன, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் குறைந்த படிப்போடு காது மந்தமும் உண்டு. அப்பாவுக்குக் காது கேட்காதபோது உடனே மிஷின் வாங்கினோம். அம்மாவுக்கு, 'வயசாச்சு' என்று விட்டுவிட்டோம். என் தவறுதான்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீடு தேடி வருகிறார்கள். வயதான பெண்களிடம் காது கேட்கிறதா என்றும் கேட்கட்டும். ஞாபகத்தைச் சோதிக்க, பேனா தேவைப்படாத கேள்விகளோடு வரட்டும்.

— ஒரு வாசகி, மதுரை