வீரருக்குப் பாயசம் நீட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புகழ்பெற்ற விளையாட்டாளர் யாரையாவது எதிர்பாராமல் பார்த்துவிட்டால் என்ன செய்யலாம் என்று சென்ற ஞாயிறு மலரில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். 'நம் தோட்டத்து வழக்கப்படி வீட்டுக்கு அழைத்து, வற்புறுத்தியாவது வாய்க்கு ருசியாக ஊட்டி அனுப்புங்கள்' என்று அதில் ஒரு வரி. ஊக்கமருந்துச் சோதனை பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

சிறுநீரில் எந்தத் தடைப்பொருள் தென்பட்டாலும் விளையாட்டாளரே பொறுப்பு. அன்பாகக் கொடுத்தார்கள் என்று சொன்னால் தண்டனை குறையலாம். அந்தப் போட்டியில் வாங்கிய பதக்கம் போனது போனதுதான். குருமாவிலும் பாயசத்திலும் நாம் அரைத்துவிடும் கசகசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் என்ற போதைப்பொருள் சிறுநீரில் தெரியும். போட்டி நேரத்தில் மார்ஃபினுக்குத் தடை. ஊறவைத்துக் கழுவினால் குறையும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று அடுப்படியில் யார் அளப்பது? இருமுகிறாரே என்று கொடுக்கும் மருந்தும் அப்படித்தான். மா ஹுவாங் என்ற சீன மூலிகையில் எஃபெட்ரின் என்ற ஊக்கப்பொருள் இருக்கிறது. அது சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டி நேரத்தில் குற்றம். என்னென்ன சேர்த்தது என்று ஒட்டுச்சீட்டுகூட இல்லாத லேகியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீட்டுக்கு இழுத்துப்போவதிலும் சிக்கல் உண்டு. சோதனைப் பட்டியலில் இருக்கும் முன்னணி வீரர்கள், ஒவ்வொரு நாளும் ஏதேனும் 60 நிமிடம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் சோதனை அதிகாரி வரும்போது ஆள் அங்கே இல்லையென்றால் ஒரு தவறு. 12 மாதத்தில் இப்படி மூன்று சேர்ந்தால், மருந்தே தொடாதவருக்கும் தடை. 'இன்னும் ஒரு தோசை சாப்பிட்டுப் போங்க தம்பி' என்று நாம் பிடித்து உட்காரவைப்பது அந்த ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

திடலில் பார்த்தால், ஓடி முடித்தவரிடம் திறந்த பாட்டிலை நீட்டாதீர்கள். சோதனைக்குத் தேர்வானவருக்குப் பக்கத்திலேயே ஓர் உதவியாளர் நிற்பார். 90 மில்லி சிறுநீர் மாதிரி கொடுத்து முடிக்கும்வரை வீரர் அந்த உதவியாளரின் கண்ணைவிட்டு நகரக்கூடாது. முத்திரை உடையாத பாட்டிலைத் தாமே எடுத்துத் திறந்துதான் குடிப்பார்கள். சாலையோரம் நடைப்பயிற்சி செய்பவரையும் மறிக்கக்கூடாது. தசை குளிர்ந்தால் அன்றைய பயிற்சி கெட்டது.

பார்க்க நல்ல இடம் கோப்பிக்கடை, அதுவும் அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு. ஒரு தடவை கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ஜெர்சியில் கையெழுத்து வேண்டுமானால் உள்ளே ஓர் அட்டையைச் செருகி, துணியை இழுத்துப் பிடித்து, அழியாத மார்க்கரைக் கொடுங்கள். பால்பேனா துணியில் சிக்கி இழுபடும். அட்டை இல்லாவிட்டால் மை முதுகுப்பக்கம் ஊறிவிடும்.

இவ்வளவு எழுதியபின் பழைய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்த படங்கள் எல்லாம் வெளிநாட்டுக் காற்பந்து வீரர்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற நம் மலேசிய ஓட்டக்காரர் மு. ஜெகதீசன் எங்கே? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய அவருடைய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அதே பேங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்ற ராஜாமணி? 1998இல் கோலாலம்பூரில் 50 கிலோமீட்டர் நடந்து காமன்வெல்த் தங்கம் வாங்கிய கோ. சரவணன்? இவர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தாலும் எங்கள் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது. முகத்தை எங்கே பார்த்தார்கள்? எங்கள் தோட்டத்துத் திடலில் செம்பனைக் கன்று நட்டபோது தங்களுக்கு நான்கு கடிதம் அனுப்பினோம். ஒன்றுகூட வெளிவரவில்லை. அந்தத் திடலின் 100 மீட்டர் கோடு இருந்த இடத்தில் இன்று குலை வெட்டுகிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். வரும் ஞாயிறு மலரில் அதே பக்கத்தில், சமைத்த உணவு, திறந்த பானம், மருந்து மூன்றையும் விளையாட்டாளருக்குக் கொடுக்க வேண்டாம் என்று கட்டம் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் ராஜாமணி அம்மாவின் படம் ஒன்று, பெயரோடு.

இப்படிக்கு,
தோட்டப் பள்ளி முன்னாள் திடல்தடப் பயிற்றுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.