மதிலை இடித்து வழி விட்டவர்களுக்கு

எங்கள் கோயில் பங்கு மக்களுக்கும், அன்பியம் என்கிற நம் சின்ன ஜெபக்குழுச் சகோதரிகளுக்கும், போட்டில் என் வீட்டுக்காரரோடு தொழிலுக்குப் போன அண்ணன் தம்பிமாருக்கும்,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க!

இந்த நன்றியைச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

2024 மே மாதக் கடைசி. நம்முடைய கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்னால், கடலிலேயே சில நாள் தங்கி மீன் பிடிக்கிற கடைசித் தங்கல் என்று குளச்சலிலிருந்து போனவர், மூன்றாம் நாள் விடியற்காலை வலை இழுக்கும்போது வலது கை துவண்டு தளத்தில் விழுந்திருக்கிறார். வாய் கோணிவிட்டது, பேச்சில்லை. கூட இருந்தவர்கள் வலையை அறுத்து விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். டீசலும் ஐஸும் போட்ட காசு, இரண்டு மாதச் சும்மா இருப்புக்கு முன் வீட்டுக்குப் போகவேண்டிய பங்குப்பணம், எல்லாம் அந்த வலையோடு போனது. போட்டுக்காரர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பத்து மணி நேரம் ஓடிவந்தார்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அந்தப் பையன்கள் முகம் வாடிப்போனது. தம்பிமாரே, நீங்கள் தாமதிக்கவில்லை. கடல் தூரமாக இருந்தது, அவ்வளவுதான். இதை உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆம்புலன்ஸ் எங்கள் சந்து முனையில் நின்றுவிட்டது. நம் கடற்கரை வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா, சுவரும் சுவரும் உரசிக்கொண்டு நிற்கும். நான்கு பேர் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சக்கர நாற்காலி வந்தது. அதுவும் சந்துக்குள் திரும்பவில்லை. மறுநாள் காலையில் சம்மட்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டு அண்ணன் தன் மதிலை இடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கேட்கவே இல்லை. "வண்டி போகட்டும் தங்கச்சி" என்றார்.

இனி சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். அந்த நாட்களில் நான் ஜெபிக்கவில்லை. அன்பியத்துச் சகோதரிகள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து ஜெபமாலை சொல்லும்போது நான் அடுக்களையில் நின்றுகொள்வேன். பாத்திரம் கழுவுவதுபோல் இருப்பேன். இருபத்தெட்டு வருடம் ஞாயிறு பூசை தவறாத மனுஷனை ஏன் இப்படிச் சாய்த்தாய் என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அதைத் தெரிந்தும் நீங்கள் யாரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. மறுநாளும் வந்தீர்கள்.

கீழத்தெரு மாமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் போன மகன் இன்னும் கரைக்கு வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த மாமி ஒருநாள் அடுக்களைக்குள்ளேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மக்களே, எனக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடயேதான் கோயிலுக்குப் போறேன். அவரு என்னை வெளியே போன்னு சொல்லல்ல" என்றார். விசுவாசம் என்றால் மனசு சாந்தமாக இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். கோபத்தையும் தூக்கிக்கொண்டு போய் அதே பெஞ்சில் உட்காரலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போனேன்.

அன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் பூசையில், மாற்கு நற்செய்தியில் கப்பர்நாகூம் வாசகம் வந்தது. முடக்குவாதக்காரனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள், கூட்டத்தில் வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசுகிறார். எத்தனையோ தடவை கேட்ட வாசகம்தான். அன்று நாற்காலி தூக்கிய நான்கு பேர் கண்முன் வந்தார்கள். எனக்கென்று விசுவாசம் இல்லாமல் போன நாட்களில் உங்களுடையதில் நாங்கள் இரண்டு பேரும் கிடந்திருக்கிறோம். அந்தக் கூரை யாருடைய வீட்டுக் கூரை, அவர் என்ன சொன்னார் என்று நற்செய்தியில் இல்லை. எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் கையிலிருந்த சம்மட்டியும்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில். மூன்றாம் தேவ இரகசியத்தில் எல்லாரும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஒரே குரலில் சொல்லும்போது, கூடவே "இப்பொழுதும்" என்று ஒரு குரல். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாதவர், என் பெயர் சொல்லத் தெரியாதவர், அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபி தங்கச்சியிடம் சொன்னேன். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பேச்சு போகும், ஆனால் சின்ன வயதிலிருந்து மனப்பாடமான ஜெபமும் பாட்டும் பலருக்கு மிஞ்சியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே பேச்சுக்குப் பழக்கலாம் என்று விளக்கினாள். சரி, காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவருடைய அம்மை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த சொல், எல்லாம் போன இடத்தில் போகாமல் இருந்ததற்கு நான் கடவுளுக்குத்தான் நன்றி சொன்னேன். அன்பியத்துக்காரிகளே, நீங்கள் அன்றோடு நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து மாதம் தினமும் வந்தீர்கள், அவருக்காக மெதுவாக, சொல் சொல்லாக.

தடைக்காலத்தில் வருமானமே இல்லாத வீடுகளிலிருந்துதான் அரிசியும் கவரும் வந்தன என்பதையும் நான் மறக்கவில்லை. பெயர் எழுதாமல் கோயில் உண்டியல் பக்கம் எங்களுக்கென்று கவர் வைத்தவர் யாரென்று இன்றும் தெரியாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடம் ஜனவரி 14 அன்று இரண்டு பேரும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய்வந்தோம். 1752இல் அதே தேதியில் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையை விசுவாசத்துக்காகச் சுட்டுக்கொன்ற இடம். 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் ஊரிலும் வெடி போட்டோமே, அப்போது எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றியது. அவர் 1749இல் பிடிபட்டது முதல் சாகும்வரை ஏறக்குறைய மூன்று வருடம் அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் எப்படி இருந்திருப்பார்? அந்த அம்மாளையும் நினைத்து ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன்.

இப்போது அவர் ஊன்றுகோலோடு கோயில்வரை நடக்கிறார். வலது கை இன்னும் சரியாகவில்லை. கடலுக்கு இனி போகமுடியாது. பேச்சு மெதுவாக வருகிறது. இதை வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் எடுத்து "எல்லாருக்கும்" என்றார். அதையும் எழுதச் சொன்னார்.

சக்கர நாற்காலி இப்போது எங்களுக்குத் தேவைப்படவில்லை. டயர் மாற்றித் துடைத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் எந்நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் மதிலை இன்னும் கட்டவில்லை, அதனால் வண்டி நேராக வாசல்வரை வரும்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி