துறையூர் இஸ்திரி அக்காவுக்கும், கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம். நேற்று ராத்திரி கோத்தகிரி வந்து சேர்ந்தேன். வண்டியும் வந்துவிட்டது, தாத்தாவின் காகிதங்களும் வந்துவிட்டன. தாத்தாவின் தாத்தா ஊரைத் தேடிப் போன வழியில், துறையூர்ப் பக்கம் தரைப்பாலத்தில் வண்டியும் காகிதப் பையும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது உங்களில் பலருக்குத் தெரியும். மறுபடி மறுபடி போன் போட்டு விசாரித்தவர்களும் நீங்கள்தான். அதை இங்கே முழுசாகத் திரும்பச் சொல்லவில்லை. மனசு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காகிதப் பையை நினைத்து நான் ஏன் அப்படித் துடித்தேன் என்று சிலர் கேட்டார்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் தாத்தா வாங்கிய பாஸ்போர்ட், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக மண்டபத்தில் இருந்த முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, கப்பல் ஏறுவதற்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்த ஒரு படம். இவைதான் அதற்குள் இருந்தன. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களைப் பிரித்தார்கள். இந்தியக் கணக்கில் விழுந்தது எங்கள் குடும்பம். பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, பாட்டி ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொல்லும் ரயிலில் தலைமன்னார், அப்புறம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம், கடைசியில் இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. தாத்தாவின் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியோடு எந்த ஊரை விட்டுக் கிளம்பினார் என்பதற்கு அந்த பாஸ்போர்ட்டில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை விட்டால் எங்களுக்கு வேறு சாட்சி இல்லை.

பையை மீட்டுக் கொடுத்த தம்பிகள் போன பிறகு, துறையூரில் ஒரு புளியமரத்தடியில் வண்டி சீட்டின் மேல் ஒவ்வொரு தாளாக விரித்துக்கொண்டிருந்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பக்கத்தில் இஸ்திரி வண்டி. அந்த அக்கா சட்டை தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“வெயில்ல போட்டா சுருட்டிக்கும் தம்பி. இங்க கொண்டாங்க.”

இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கங்குகளைப் பாதிக்கு மேல் வெளியே எடுத்துப் போட்டார். விரலை நனைத்து அடியில் தொட்டுப் பார்த்தார், ‘சுர்’ என்றது. வைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டார், சத்தம் வரவில்லை. பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து, அதன் நடுவே ஒரு தாளை வைத்து, பெட்டியை இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். முத்திரை மை கரைந்திருந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில்தான் சூடு வைத்தார். ஒட்டியிருந்த தாள்களை நான் பிரிக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். ஈரம் பாதி வாங்கினதும் ஓரத்திலிருந்து அவரே பிரித்தார், ஒரு கிழிசல் இல்லை.

படத்தை மட்டும் பெட்டிக்கிட்டேயே கொண்டுபோகவில்லை. “இதுல சூடு பட்டா மூஞ்சி போயிரும்” என்று சொல்லி, நிழலில் கொடி கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். சட்டைக்காக வந்து நின்றவர் அவசரப்படுத்தினார். “செத்த இருங்க. இது ஒரு குடும்பத்தோட காயிதம்” என்றார். அதற்கப்புறம் அந்த மனிதரும் வாய் திறக்கவில்லை, காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பணம் நீட்டினேன். “துணிக்குத்தான் காசு” என்று கையை விலக்கிவிட்டார்.

சொந்த ஊரைக் கண்டுபிடித்த பிறகு அங்கே இருந்தவர்களை நம்ப வைத்தது அந்தப் படம்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு பெரியம்மா படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். தாத்தாவின் முகத்தில் விரலை வைத்து, “இது எங்க சின்னய்யா ஜாடை” என்றார். அடுத்து, “உங்க சாமி எது?” என்று கேட்டார். மதுரைவீரன் என்றேன், தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் கல் நட்டுக் கும்பிட்டதைச் சொன்னேன். உள்ளே போய் கோயில் சாவியை எடுத்து வந்தார். பங்காளிகளோடு உட்கார்ந்து அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளத்தில் இறங்கிய தம்பிகள், கூலி பேசாமல் ராத்திரி முழுக்க வண்டியைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் அண்ணன், ஈரத்துணியோடு நின்றவனுக்குத் தன் கைலியைக் கொடுத்த டீக்கடைக்காரர், ஒரே பெயரில் இருக்கும் ஊர்களைச் சலிக்காமல் விளக்கிய கிராம அலுவலர், பங்காளி வீட்டுப் பெரியவர்கள், எல்லாருக்கும் என் கும்பிடு. உங்களில் ஒருவர் விலகிப் போயிருந்தாலும் நான் பாதியிலேயே திரும்பியிருப்பேன்.

ஊர் கிடைத்ததைச் சொல்லத் திரும்பும் வழியில் அக்காவிடம் போனேன். கேட்டுக்கொண்டே ஒரு சேலையை முழுசாகத் தேய்த்து மடித்தார். அப்புறம்தான் சொன்னார்: “எங்க அப்பாயியோட அண்ணனும் கண்டிச் சீமைக்குப் போனவருதான். ஒரு சேதியும் இல்ல.” அவர் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அவர் கடனை நான் அடைக்கும் வழி இது ஒன்றுதான். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை லயன்களில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் வருகிறேன். காகிதம் உங்களிடமே இருக்கட்டும், நான் அதைப் படம் மட்டும் பிடித்துக்கொள்கிறேன், ஒரு பிரதி உங்களுக்கும் தருகிறேன். துறையூர், முசிறி என்று எழுதியிருந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்.