தைலக் குப்பியில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூகலிப்டஸ் தைலம் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று நீலகிரிச் சாலையோரக் கடைகளில் அட்டை தொங்குகிறது. குன்னூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்தும் பாராததுபோல் போக முடியவில்லை.

முதலில், எந்த மரத்துத் தைலம்? எங்கள் மலையில் பரவலாக நிற்கும் குளோபுலஸ் வகையின் எண்ணெயில் பெரும்பகுதி சினியோல் என்ற வேதிப்பொருள். எலுமிச்சை வாசம் அடிக்கும் இன்னொரு தைல மரத்தில் சிட்ரோனெல்லால் என்ற வேறொரு பொருள்தான் அதிகம். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

சினியோலுக்குக் கிருமியை அடக்கும் வலு சுமார்தான். ஓம எண்ணெயின் தைமாலும் கிராம்பு எண்ணெயின் யூஜெனாலும் அதைவிட வலுவானவை; இரண்டும் பீனால் என்ற வேதி வகை. பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதை வெளியே கசியவிடும். (ஓமத்திரவ பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அது தைமால்.) அவையும் சூடோமோனாஸ் கிருமியிடம் திணறும், அதன் வெளிச்சவ்வு லேசில் வழிவிடாது. ஆய்வகத் தட்டில் எண்ணெய் இட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுவது வேறு, நெஞ்சுச் சளி தீர்வது வேறு.

இதில் எனக்குக் கவலை குழந்தைகளைப் பற்றித்தான். இந்தத் தைலத்தைச் சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே கூடாது.

குப்பியின் மேல் மரத்தின் தாவரப் பெயர், சினியோல் சதவீதம், ‘குடிக்கக் கூடாது’ என்ற எச்சரிக்கை மூன்றையும் தமிழில் அச்சிட வேண்டும் என அரசு உத்தரவிடட்டும்.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், குன்னூர்